விசிறி இல்லாத பெட்டி

ஏழாம் மாதம் முதல் தேதியே சோதனை ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று தைபேயிலிருந்து செய்தி வந்ததும் யூலான் சுவர் நாட்காட்டியை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். தைவானின் ஷெதோவ் ஊரில் பிறந்த எவரும் இப்படி ஒரு நாளைக் குறிக்க மாட்டார்கள். பழைய நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் பாதாளத்தின் கதவு திறந்துகொள்ளும். பசித்த ஆவிகள் தெருத்தெருவாக அலையும். கல்யாணம் கிடையாது, வீடு மாறுவது கிடையாது, காசு கட்டி வாங்கிய புது வண்டியைக் கடையிலிருந்து எடுத்து வருவதுகூடக் கிடையாது. ஆனால் நாள் குறித்தவர்கள் காலுறை வாங்கும் தைபேய்க் கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஏழாம் மாதமும் ஒன்றுதான், ஏழாம் நம்பர் பஸ்ஸும் ஒன்றுதான்.

யூலான் அந்தக் காலுறை ஆலையின் முதலாளியம்மா. அவள் கணவர் சில வருடங்களுக்கு முன்பு "இந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டுக் கொய்யாத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். மரத்தில் தொங்கும் ஒவ்வொரு காய்க்கும் பை மாட்டிக்கொண்டு, பெண்டாட்டியிடம் பேசுவதைவிட அதிகமாகக் காய்களிடம் பேசிக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளுகிறார். ஆலை யூலான் தலையிலும், கணவரின் தம்பி ஜின்ஷுயி தலையிலும் விழுந்தது. ஜின்ஷுயி கெட்டவன் இல்லை. கணக்கில் புலி, வாய் மட்டும் வேப்பெண்ணெய்.

சாதாரணக் காலுறையில் இனி பிழைக்க முடியாது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஷியாவ்தான் குலப்பெயர்; ஒவ்வொரு சந்திலும் ஏதாவது ஒரு ஷியாவ் குடும்பம் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக் காலுறை ஆர்டர் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களின் காலில் ரத்தம் கட்டாமல் இருக்க மாட்டுவார்களே, அந்த இறுக்கமான நீளக் காலுறை. கணுக்காலில் ஒரு இறுக்கம், கெண்டைக்காலில் அதைவிடக் குறைவு, முழங்காலில் இன்னும் குறைவு என்று வரிக்கு வரி நூலின் இழுவை மாற வேண்டும். ஒரு வரி பிசகினால் அந்த இடத்தில் நோயாளியின் காலைக் கயிறு போட்டுக் கட்டியது போலாகிவிடும். ஓடுகிற இயந்திரம் நடுவில் நின்று மறுபடி கிளம்பினால் அப்படி ஒரு வரி நிச்சயம் விழும். ஆகவே ஆர்டரை உறுதி செய்யத் தைபேய்க்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு மாதம் முழுக்க, இரவும் பகலும், பின்னல் இயந்திரங்களின் வரிசை ஒரு தடவைகூட நிற்கக் கூடாது.

இதைக் கேட்டு ஜின்ஷுயி சிரித்தான். அவர்கள் ஆலையில் ஒரு வாரம் நிற்காமல் ஓடிய வரிசையையே அவன் கண்டதில்லை. காரணம் பஞ்சுத்தூசி. காலுறை ஆலையில் காற்றே பாதி பஞ்சுதான். புருவத்தில் பஞ்சு, தேநீரில் பஞ்சு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் பஞ்சு. வரிசையை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறி அந்தக் காற்றையே இழுத்து இழுத்துக் குடிக்கும், குடித்து மூச்சடைத்துச் சாகும். பராமரிப்பு பார்க்கும் ஆ-தெங் ஒவ்வொரு முறையும் செத்த கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சை வெளியே எடுத்துக் காட்டுவான்.

அதனால்தான் யூலான் தைச்சுங் நகரில் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்து விசிறி இல்லாத கம்ப்யூட்டரை வாங்கினாள். ஜின்ஷுயி குறுக்கே விழுந்து தடுத்தான். அவள் கேட்கவில்லை. கடைசியில் அவன் ஒரு பேச்சு பேசினான்.

"அண்ணி, உங்க இஷ்டப்படியே வாங்குங்க. ஆனா இந்த ஒரு மாசத்துல வரிசை ஒரே ஒரு தடவை நின்னாலும் நான் விலகிக்கிறேன். என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடுங்க. ஆலைக் கொட்டகையைப் பாதியா அறுத்துக்குவோம்."

கொட்டகையைப் பாதியாக அறுத்தால் மிச்சப் பாதியில் ஆலை நடக்காது, கோழிதான் வளர்க்கலாம். அது இருவருக்கும் தெரியும். யூலான் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு தைச்சுங்குக்குப் போன் போட்டுக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை அனுப்பச் சொன்னாள்.

பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியவள் பெய்ஜுன் என்ற, தைச்சுங் கம்பெனியின் இளம் பொறியாளர். அட்டையைப் பிரித்து அவள் வெளியே எடுத்ததைப் பார்த்து ஆலையே கூடிவிட்டது. இலையுதிர் விழாவுக்கு வாங்கும் நிலாப்பணியார டப்பா அளவுதான் இருந்தது. கறுப்பு அலுமினியம். மேல் பக்கம் முழுக்க விலா எலும்பு போல வரிவரியான தகடுகள். காற்று உள்ளே நுழைய எங்கும் ஒரு துளை இல்லை, ஒரு இடுக்கு இல்லை. தூக்கிப் பார்த்தால் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம்.

மின்சாரம் கொடுத்ததும் பழைய கம்ப்யூட்டர்கள் ஊளையிடும். இது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பச்சை விளக்கு எரிந்தது, பன்னிரண்டு பின்னல் இயந்திரங்களும் ஒன்றாகத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடத் தொடங்கின, பெட்டி மட்டும் சிவனே என்று கிடந்தது. ஆ-தெங் அதன்மேல் காதை வைத்துக் கேட்டான். பிறகு காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துக் கேட்டான்.

"உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்கு முதலாளியம்மா" என்றான்.

உள்ளே அசைகிற பொருள் ஒன்றுமே இல்லை என்று பெய்ஜுன் விளக்கினாள். கணக்குப் போடும் சில்லு சூடாகும், அந்தச் சூடு உலோகத்தில் இறங்கி, உலோகத்திலிருந்து மேலே இருக்கும் தகடுகளுக்கு வரும், தகடுகளுக்கு நடுவே காற்று தானாகவே எழும்பி அதை எடுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். ஓசை இல்லை, தேய்மானம் இல்லை, தூசி உள்ளே போக வழி இல்லை. இதே மாதிரிப் பெட்டி ஒன்று ஒரு சிமென்ட் ஆலையில் வைத்த நாளிலிருந்து யாரும் தொடாமல் ஓடுகிறது என்றும், அந்த ஆலையில் அதை வைத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றும் சொன்னாள். யூலானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூச்சு விடாமல், அசையாமல், யாரையும் கூப்பிடாமல், வருடக்கணக்கில் ஒரு ஆலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பொருள். கோயிலுக்குள் நுழைந்தால் குரல் தானாகத் தாழுமே, அப்படி அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

கிளம்பும்போது பெய்ஜுன் ஒரு எச்சரிக்கை சொன்னாள். மேலே எதையும் வைக்கக் கூடாது. யூலான் தலையாட்டினாள். அன்றைக்கே ஆலை முழுக்கச் சொல்லியும் விட்டாள். தேநீர்க் கோப்பையை வைக்காதே, நூல்கண்டை வைக்காதே, தொப்பியைக் கழற்றி வைக்காதே என்று ஆளாளுக்கு உத்தரவு போட்டாள்.

பிறகு அவளே போய்ப் பெட்டியின் மேல் பச்சைப் பொட்டலத்தை வைத்தாள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஊரில் அந்தப் பொட்டலம் இல்லாத இயந்திரம் கிடையாது. சோளப்பொரியில் தேங்காய் மணம் சேர்த்துச் செய்த தின்பண்டம், குழந்தைகள் தின்பது. அதன் பேருக்கு ‘சமர்த்தாய் இரு’ என்று அர்த்தம்; பக்கத்தில் வைத்தால் இயந்திரம் மக்கர் செய்யாது என்று நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும், ரயில் டிக்கெட் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும், பெரிய பெரிய படிப்பாளிகள் வேலை பார்க்கும் இடத்திலும் இருக்கும். பச்சையாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும். காலாவதித் தேதி தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாது. எடுத்தவன் கதி அதோகதி. மேலே எதையும் வைக்காதே என்று பெய்ஜுன் சொன்னது யூலானுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் பொட்டலம் ‘எதையும்’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வீட்டில் சாமான் எத்தனை என்று கேட்டால் சாமி படத்தை யாராவது சேர்த்து எண்ணுவார்களா?

சோதனையின் முதல் சில நாட்கள் வரிசை எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. ஆ-தெங் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் நடையை மெதுவாக்கிக்கொண்டான். இயந்திரங்களில் வேலை பார்க்கும் பெண்கள் ஷிப்ட்டுக்கு வரும்போது அதைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்கள். ஜின்ஷுயி மட்டும் "மூச்சே விடாத பொருளை நம்பிக் குடும்பம் நடத்துறாங்க" என்று கொய்யாத் தோட்டம்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

பிறகு வெயில் ஏறியது. ஒரு நாள் மதியம் வரிசையின் சத்தம் மாறியது. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது கட... கட... என்றாயிற்று. நிற்கவில்லை, மெதுவாயிற்று. திரையில் மஞ்சள் கட்டம் ஒன்று வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. ஆ-தெங் ‘சரி’ என்ற பொத்தானை அமுக்கி அதை அனுப்பிவைத்தான். யூலான் ஓடிப்போய் இன்னொரு பொட்டலம் வாங்கி வந்து முதல் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் வரிசை மறுபடி வேகம் பிடித்தது. அவ்வளவுதான், ஆலைக்கே நம்பிக்கை பிறந்துவிட்டது. சாயங்காலம் வெயில் தாழ்ந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. பொட்டலம் வேலை செய்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அதன் பிறகு கேட்க வேண்டுமா. மதியம் வரிசை சோரும், யாராவது ஒரு பொட்டலம் வைப்பார்கள், சாயங்காலம் எழும்பும். மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே சோரும். யூலான் பெட்டிக்கு அடியில் சிவப்புத் துணி விரித்தாள். பெண்கள் தங்கள் காசில் பொட்டலம் வாங்கி, அதன்மேல் மையால் ‘தயவுசெய்து’ என்று எழுதி வைத்தார்கள். ஆ-தெங் தினமும் காற்றுக் குழாயைப் பிடித்து எல்லாவற்றின் மேலும் பஞ்சை ஊதித் தள்ளுகிறவன், பொட்டலம் பறந்துவிடும் என்று அந்தப் பெட்டிப் பக்கம் மட்டும் ஊதுவதை விட்டுவிட்டான். பொட்டலங்களுக்கு நடுவே பஞ்சு இறங்கியது. மாதம் முடிவதற்குள் பெட்டி இருந்த இடத்தில் பஞ்சு மெத்தை போர்த்திய ஒரு பச்சை மேடுதான் தெரிந்தது.

நடுவில் ஒரு நாள் யூலான் பெய்ஜுனுக்குப் போன் செய்து வேகம் குறைகிறது என்று முறையிட்டாள். மேலே ஏதாவது இருக்கிறதா என்று பெய்ஜுன் கேட்டாள். யூலான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சில் கை வைத்துச் சத்தியமாக, ஒன்றுமே இல்லை என்றாள்.

கடைசி நாள் வந்தது. அன்று இரவு பாதாளத்தின் கதவு மூடும், சோதனையும் முடியும். காலையிலேயே தைபேயிலிருந்து காவ் அம்மாள் வந்து இறங்கினாள். முன்னாளில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து, பிறகு காலுறை வாங்கும் பொறுப்புக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். மனிதக் கால் வடிவில் செதுக்கிய ஒரு மரக்காலையும், இறுக்கம் அளக்கும் கருவியையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, வருகிற காலுறையை ஒவ்வொன்றாக மாட்டி அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று இருந்த வெக்கை அந்த வருடம் எந்த நாளிலும் இல்லை. பத்து மணிக்கே வரிசை சோர்ந்தது. மதியம் நெருங்கும்போது நடக்கவே முடியாத கிழவனைப் போல ஒவ்வொரு வரியாகப் பின்னிக்கொண்டிருந்தது. ஜின்ஷுயி வெறுமனே இருக்கவில்லை. கடைசியாகச் செத்து, பழுது பார்த்து வைத்திருந்த விசிறிக் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான். இதை மாட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை என்றான். மாட்ட வேண்டுமானால் வரிசையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எல்லாம் போயிற்று. யூலான் தள்ளுவண்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

அவள் விடியற்காலையிலேயே வற்புறுத்தி வரச்சொல்லியிருந்த பெய்ஜுன் அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். நேராகப் பெட்டியிடம் போனாள். தலைக்கவசத்தைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது.

"முதலாளியம்மா, பெட்டி எங்க?"

"அதுதான்."

பெய்ஜுன் பச்சை மேட்டைச் சுற்றி வந்தாள். ஓரத்தில் தெரிந்த உலோகத்தில் விரல் நுனியை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு திரையில் எதையோ தட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை யூலான் பார்த்தாள்.

"இது எப்படி ஓடிக்கிட்டிருக்குன்னு எனக்கே தெரியல" என்றாள் பெய்ஜுன் மெதுவாக. "இதுக்கு உடம்பு முழுக்க மூக்கு. நீங்க ஒரு மாசமா மூக்கைப் பொத்தி வச்சிருக்கீங்க. சூடு தாங்காமப் போறப்ப, நின்னுடக் கூடாதுன்னு தன் வேகத்தைத் தானே குறைச்சுக்குது. இன்னும் கொஞ்சம் ஏறிச்சுன்னா குறைக்கிறதுக்கும் இடம் இல்ல. அணைஞ்சிரும்."

யூலான் பச்சை மேட்டைப் பார்த்தாள். நான் வைத்த முதல் பொட்டலம். நான் விரித்த துணி. எதிரி செய்ய வேண்டியதையெல்லாம் நானே பக்தியோடு செய்திருக்கிறேன் என்று அவள் உள்ளம் பதறியது.

"அப்ப எடு, எல்லாத்தையும் எடு" என்றாள்.

பெய்ஜுன் கையை நீட்டினாள். கை பொட்டலத்துக்கு ஒரு சாண் மேலே போய் நின்றுவிட்டது. சூட்டைப் பற்றி அத்தனையும் தெரிந்த பெண், நாலு வருடம் அதையே படித்தவள், ஏழாம் மாதத்தின் கடைசி நாளில், ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தின் மேலிருந்து, தேதி தாண்டாத பச்சைப் பொட்டலத்தை எடுக்க முடியாமல் நின்றாள்.

"எங்க கம்பெனியிலயும் வச்சிருக்கோம்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "முன்னாடி வைப்போம், மேல வைக்க மாட்டோம். ஆனா எடுத்ததில்ல. நான் எடுத்து, இது நின்னு போச்சுன்னா... என்னால முடியாது முதலாளியம்மா."

ஆ-தெங்கைப் பார்த்தாள் யூலான். அவன் காற்றுக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனான். பெண்கள் காலுறைகளை மறந்துவிட்டு நின்றார்கள். ஜின்ஷுயி, எதையும் நம்பாத ஜின்ஷுயி, தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அந்தக் கொட்டகையில் சூட்டைப் பற்றிய உண்மையை மறுக்கிறவர்கள் யாரும் இல்லை, பொட்டலத்தைத் தொடுகிறவர்களும் யாரும் இல்லை.

எடுத்த கணத்தில் வரிசை நின்றால் சாகும்வரை அவள்தான் எடுத்தாள் என்று ஊர் சொல்லும். எடுக்காமல் விட்டாலோ நிச்சயம் நிற்கும். யூலான் பெட்டியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள். சோறு வெந்துகொண்டிருக்கும் பாத்திரத்தைத் தொட்டது போலச் சுட்டது. இருந்தும் ஒரு நொடி எடுக்காமல் வைத்திருந்தாள். இந்தச் சூட்டோடுதான் இத்தனை நாளும் இது ஓடியிருக்கிறது. வாய் இருந்தால் கத்தியிருக்கும். கத்தாமல், நிற்காமல், நாங்கள் ஏற்றிய சுமையைத் தூக்கிக்கொண்டு, முடிந்த வேகத்தில் நடந்திருக்கிறது. அவள் பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோப்பா" என்று பெட்டியிடம் சொன்னாள். "இத்தனை நாளா உன்னைச் சமர்த்தா இருன்னு வேண்டிக்கிட்டோம். நீ சமர்த்தாத்தான் இருந்திருக்க. நாங்கதான் இல்ல."

முதல் பொட்டலத்தை எடுத்தாள். யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வரிசை ஓடியது. இரண்டாவதை எடுத்தாள். வரிசை ஓடியது. ஒவ்வொன்றாக எடுத்துத் தன் ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். அடியில் பஞ்சு, தட்டையாக அழுந்தி, கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. அதையும் உரித்தாள். சிவப்புத் துணியை மெல்ல உருவினாள். ஆ-தெங்குக்கு அப்போது எங்கிருந்தோ தைரியம் வந்தது. குழாயைத் தூரத்திலேயே பிடித்து, கைக்குழந்தையின் முகத்தில் ஊதுவது போலத் தகடுகளுக்கு நடுவே மெதுவாக ஊதினான்.

கறுப்புத் தகடுகள் வெளியே தெரிந்தன. யூலான் அவற்றின் மேலே, தொடாமல், கையை நீட்டினாள். அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று எழும்பி அவள் உள்ளங்கையில் பட்டது. விசிறி இல்லை, அசைவு இல்லை, ஓசை இல்லை, ஆனாலும் காற்று வந்துகொண்டே இருந்தது. மூச்சு விடாத பொருள் என்று எத்தனை பேச்சு பேசினோம் என்று நினைத்தாள். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொருவராக வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

சத்தம்தான் முதலில் சொன்னது. கட... கட... என்று இழுத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. பெய்ஜுன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தபோது யாரும் நகரவில்லை. வெயில் உச்சியில் இருந்த அந்த நேரத்திலேயே பன்னிரண்டு இயந்திரங்களும் முதல் நாள் ஓடிய வேகத்தைப் பிடித்தன. ஒரு வயதான தொழிலாளிப் பெண் அழுதேவிட்டாள்.

காவ் அம்மாள் எழுந்து வந்தாள். ஜின்ஷுயி யூலானின் காதருகே வந்து, எதையும் சொல்லித் தொலைக்காதீர்கள், வெயிலில் கொஞ்சம் சோர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றான். யூலானுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. ஏப்ரன் நிறையப் பொட்டலத்தோடு நின்றுகொண்டு எதைத்தான் மறைப்பது? நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். முதல் பொட்டலம் தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

காவ் அம்மாள் ஆ-தெங் பக்கம் திரும்பினாள். மதியத்துக்குச் சற்று முன், வரிசை கிழவனாக நடந்த நேரத்தில் பின்னிய காலுறைகளைக் கேட்டாள். ஆ-தெங் கூடையோடு கொண்டுவந்தான். ஒன்றை மரக்காலில் மாட்டினாள். கணுக்காலில் அளந்தாள், கெண்டைக்காலில் அளந்தாள், முழங்காலுக்குக் கீழே அளந்தாள். கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டினாள். கூடையில் பாதியை அளந்து முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. யூலானின் ஏப்ரனுக்குள் பொட்டலங்கள் சரசரத்துக்கொண்டே இருந்தன.

"ஒரு வரிகூடப் பிசகல" என்றாள் காவ் அம்மாள் கடைசியில். குரல் மாறியிருந்தது. "வேகத்தை விட்டுக் குடுத்திருக்கு. இறுக்கத்தை விடல. நான் நர்ஸா இருந்தப்ப, இப்படி வேலை பார்க்கிற மனுஷங்க ரெண்டு பேரைத்தான் பார்த்திருக்கேன்."

பெட்டியிடம் போனாள். அவளும் கையை நீட்டி அந்தக் காற்றை வாங்கிக்கொண்டாள். 

"வாயை மூக்கைக் கட்டி, இந்த வெயில்ல ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கன்னு நானே சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். "இதுக்கு மேல எனக்கு என்ன சோதனை வேணும்? ஆர்டர் உங்களுக்குத்தான். ஒப்பந்தக் காகிதம் பையில இருக்கு."

பெய்ஜுன் பேனாவைத் தேடி நீட்டினாள். காவ் அம்மாள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு வேண்டாம். கதவு ராத்திரிதான் மூடுது. கையெழுத்தை நாளைக் காலையில போடுறேன். வெளிநாட்டுல இருக்கவங்க கேட்டா, ரயில் தப்பிப் போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

ஆலையே சிரித்தது. யூலானும் சிரித்தாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவளுக்கு உட்கார ஒரு இடம் தேவைப்பட்டது. நூல்பெட்டிமேல் உட்கார்ந்தாள். 

கூட்டம் கலைந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ஜின்ஷுயி மட்டும் போகவில்லை. தள்ளுவண்டியில் இருந்த விசிறிக் கம்ப்யூட்டரை உருட்டிக்கொண்டு போய் வெளியே பழைய இரும்புக் குவியலோடு போட்டுவிட்டு வந்தான். பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, பெட்டியின் மேலே உள்ளங்கையை நீட்டினான். நீட்டியவன் கையை எடுக்கவேயில்லை. யூலான் நூல்பெட்டிமேல் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.  

அவன் திரும்பாமலே பேசினான்.

"அண்ணி."

"சொல்லு."

"நாளைக்குக் கையெழுத்து ஆனதும் அந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு பெட்டி சொல்லிடுங்க. கிழக்குப் பக்கம் ரெண்டாவது வரிசை போட இடம் இருக்கு. கொட்டகையை அறுத்துட்டா அதை எங்க வைக்கிறது?"